பாறை சுத்தமாக இருந்தது

பிணம் பாறைக்குக் கீழே கிடந்தது.

முகம் மண்ணில் புதைந்திருந்தது. ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு காலின் ஷூ தள்ளிப் போய் ஒரு புதரில் மாட்டியிருந்தது.

மேலே கழுகுகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. போலீஸுக்கு முன்னால் அவைதான் வந்திருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் ரோந்து போன வனக்காவலர் ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். வயர்லெஸ்ஸில் விஷயத்தைச் சொன்னார். பிறகு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரிசார்ட்காரர்" என்றாள்.

"அவரேதான்" என்றார் பெரியப்பா.

பெரியப்பா என்றால் உறவு இல்லை. ஹெட் கான்ஸ்டபிள். தலை நரைத்து, தொப்பை சரிந்து, ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருக்கிற மனிதர். ஸ்டேஷனில் எல்லாருக்கும் அவர் பெரியப்பா. லாக்கப்பில் இருக்கிறவர்கள் கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் பிணத்தைப் பார்த்து மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவர் அவர்தான். அன்றிலிருந்து அவளுக்கும் பெரியப்பா.

"தானா விழுந்தாரா, தள்ளிவிட்டாங்களா?" பெரியப்பா கேட்டார்.

"எதுவா இருந்தாலும் பேப்பர்ல நம்ம போட்டோ வரும்."

"அப்ப தலையை வாரிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினாள். பின்பக்கம் கிழிந்து தொங்கியது.

"தானா விழறவன் காலரைத் தானே பின்னாடி கிழிச்சுக்க மாட்டான்."

பெரியப்பா கையிலிருந்த பாட்டிலைத் திறந்து மிச்சத் தண்ணீரைக் குடித்தார். காலி பாட்டிலை, ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கினார். மூடியைப் போட்டார். ஜீப்பின் பின்சீட்டுக்குப் பின்னால் எறிந்தார்.

"வாங்க, மேலே போய்ப் பார்க்கலாம்" என்றாள்.

*

பாறைக்கு ஒற்றையடிப் பாதை. ஏறும்போது இன்ஸ்பெக்டருக்குக் கால் வலித்தது. நேற்று முழுக்க கோர்ட்டில் நின்ற கால். போகவும் பஸ், வரவும் பஸ். ஜீப்பை பெரியப்பா சம்மன் கொடுக்க எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மேலே ஒரு கம்பித் தடுப்பு. ஒரு கல் பெஞ்சு. பெஞ்சின் மேல் ஒரு தோல் பை, பக்கத்தில் உறையோடு ஒரு பைனாகுலர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் காடு.

"பர்ஸ் பாக்கெட்ல இருக்கு. போன் இருக்கு. கழுத்துல சங்கிலி இருக்கு" என்றாள். "திருட வந்தவன் இல்லை."

"கோபத்துல வந்தவன்" என்றார் பெரியப்பா.

"அப்படின்னா ஊர்ல பாதிப் பேர்."

ரிசார்ட்காரரின் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"நேத்து சாயங்காலம் நான்தான் மேடம் கொண்டாந்து விட்டேன். 'நீ போ, நான் வேற வண்டியில வந்துடறேன்'னு சொன்னார்."

"எந்த வண்டியில?"

"கேக்கலை மேடம். கேட்டா திட்டுவார்."

"கேக்காட்டி?"

"அப்பவும் திட்டுவார்."

"கையில என்ன கொண்டு போனார்?"

"அந்தப் பை. ரெண்டு தண்ணி பாட்டில். புதினா மிட்டாய் ஒரு பாக்கெட். எங்க சாருக்கு மிட்டாய் இல்லாம பேச்சே வராது மேடம். பிரிப்பார், வாயில போடுவார், பேப்பரைக் கீழே விடுவார். காருக்குள்ள நான் தினமும் கூட்டி எடுக்கணும்."

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தாள்.

பாறை சுத்தமாக இருந்தது. ஒரு மிட்டாய்ப் பேப்பர் இல்லை. ஒரு பாட்டில் இல்லை. ஒரு மூடி கூட இல்லை.

"பெரியப்பா... தங்கச் சங்கிலியை விட்டுட்டு, காலி பாட்டிலை எடுத்துட்டுப் போயிருக்கான்."

"காத்துல பறந்திருக்கும்மா."

"நேத்து காத்தே இல்லையே" என்றான் டிரைவர்.

பெரியப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அப்ப குரங்கு?" என்றார் பெரியப்பா.

"குரங்கு மிட்டாயைத் தின்னுட்டு பேப்பரை விட்டுட்டுப் போகும். இங்கே மிட்டாயை விட்டுட்டு... இல்லை, மிட்டாயும் இல்லை. எல்லாத்தையும் பொறுக்கியிருக்காங்க."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

ஏன் இறங்கியது என்று புரிய, இந்தக் காட்டின் சட்டம் தெரிய வேண்டும். இது பாதுகாக்கப்பட்ட காடு. உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகக் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். செத்த மான் கழுகுக்கு. உதிர்ந்த கொம்பை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போனாலும் ஜெயில். அதே போல, வெளியிலிருந்து வந்தது எதுவும் உள்ளே தங்கக் கூடாது. கேட்டில் ஒவ்வொரு பாட்டிலுக்கும், ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நாளுக்கு ஒரு நிறம். திரும்பும்போது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திரும்பிப் போய்த் தேடிக் கொண்டுவர வேண்டும்.

ஒருவனைக் கொன்று, உடம்பைக் கழுகுக்கு விட்டுவிட்டு, பாட்டிலையும் பேப்பரையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறவன் எப்படிப்பட்டவன்?

உடம்பு மக்கும், பிளாஸ்டிக் மக்காது என்று நினைக்கிறவன்.

அப்படி ஒருவனை இன்ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரியும். அவன் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பாக்கெட்டிலிருந்து கண்டவர் தின்ற சாக்லேட்டின் பேப்பர்களை எடுத்துப் போடுகிறவள் அவள்தான்.

இந்தக் காட்டின் ரேஞ்சர்.

அவள் புருஷன்.

*

போன் அடித்தது. மேலதிகாரி.

"செத்தது ரிசார்ட்காரனாமே?"

"ஆமா சார்."

"போன வாரம் உன் புருஷன் அவனோட ரிசார்ட்டுக்கே போய், 'உன்னை அந்த ஊத்துலயே முக்கிடுவேன்'னு கத்தினாராமே. வரவேற்பறையில இருந்த எல்லாரும் கேட்டிருக்காங்க."

"கேட்டிருப்பாங்க சார். அவர் குரல் கொஞ்சம் பெரிசு."

"நான் கிளம்பிட்டேன். வந்து சேர்ந்ததும் கேஸ் என் கையில. அதுவரைக்கும் நீ எதையும் கெடுத்து வைக்காதே."

வைத்துவிட்டார்.

கத்தியது உண்மை. காட்டின் நடுவில் ஒரு ஊற்று. கோடையில் யானையிலிருந்து எறும்பு வரை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் தண்ணீர். இந்த வருஷம் கோடை வரும் முன்பே வற்ற ஆரம்பித்தது. மிருகங்கள் தண்ணீர் தேடி ரோட்டுக்கு வந்தன. ரேஞ்சர் மண்ணைக் கிளறிக்கொண்டே போனான். ஊற்றிலிருந்து ஒரு பைப் மண்ணுக்கடியில் ஓடி, ரிசார்ட்காரரின் நீச்சல் குளத்தில் போய் முடிந்தது.

ரேஞ்சர் பைப்பை வெட்டினான். பிறகு போய்க் கத்தினான். அந்தச் சுருள் சுருளான பைப் காட்டுக்குள் எப்படி வந்தது என்பது மட்டும் அவனுக்கு இன்று வரை தெரியவில்லை.

மறுபடி போன். இந்தத் தடவை மாமியார்.

"காலையில அவன் சாப்பிடாமப் போயிட்டாம்மா. நீ பார்த்தா சாப்பிடச் சொல்லு."

"பார்த்தா சொல்றேன் அத்தை."

"நேத்து ராத்திரி ஏன் அவ்வளவு லேட்டு? கேட்டியா?"

"கேக்கத்தான் போறேன் அத்தை."

*

கேட்டில் இருந்த பெண்ணை எல்லாரும் கேட் அக்கா என்பார்கள். ஒரு காலத்தில் காட்டுக்குள் ரோந்து போனவள். கையில் ஜூஸ் பாக்கெட்டோடு ரேஞ்சரிடம் மாட்டியதிலிருந்து கேட்டில் இருக்கிறாள்.

"நேத்து ரிசார்ட் கார் வந்துச்சு மேடம். ரெண்டு பாட்டில், ஒரு மிட்டாய் பாக்கெட். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். திரும்பும்போது டிரைவர் மட்டும் வந்தான். பாட்டில் எங்கேன்னேன். சார்கிட்ட இருக்குன்னான். சார் எங்கேன்னேன். வேற வண்டியில வருவார்னான்."

"வந்தாரா?"

"வரலை. உள்ளே வெளியாள் வண்டியும் எதுவும் இல்லை. மூடிட்டேன்."

"வெளியாள் வண்டி இல்லைன்னா?"

"சர்க்கார் வண்டிங்க வரும் போகும் மேடம். அதையெல்லாம் நான் நிறுத்தறதில்லை. ஹாரன் அடிச்சா கட்டையைத் தூக்குவேன். தலையைக் கூட நிமிர்த்த மாட்டேன். ரேஞ்சர் சார் ஜீப் ராத்திரி லேட்டா வெளியே போச்சு. அதுக்கு மட்டும் எழுந்து சல்யூட் வெச்சேன்."

"அதுக்கு மட்டும் ஏன்?"

"ஜூஸ் பாக்கெட்டை இன்னும் மறக்கலை மேடம் அவர்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற பெரியப்பா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"தைரியமா இரும்மா" என்றார்.

*

ரேஞ்சர் பாறைக்குக் கீழே நின்று போலீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"கயிறு கட்டுங்க, வேண்டாங்கலை. அந்த மரக்கன்றுல கட்டாதீங்க. உடைஞ்சா மறுபடி முளைக்காது."

"ரேஞ்சர் சார்" என்றாள் இன்ஸ்பெக்டர். "கொஞ்சம் தனியாப் பேசணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். வீட்டில் அவள் அவனைச் சார் என்று கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம். இங்கே என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க மேடம்."

கொஞ்சம் தள்ளி ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா பேனாவை எடுத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தீங்க?"

"ஊத்துப் பக்கம். பைப் புதைச்ச குழியை மூடிக்கிட்டிருந்தேன். முடிக்க ராத்திரி ஆயிடுச்சு."

"கூட யாரு?"

"ஒரு கரடி. தூரத்துல நின்னுச்சு."

"அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது."

"கூப்பிட்டாலும் வராது. கூச்ச சுபாவம்."

"இன்னிக்குக் காலையில?"

"தினமும் செய்யறதுதான். விடிஞ்சதும் பாறைக்குப் போய்க் குப்பை பொறுக்கினேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"குப்பை இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? ஒரே மிட்டாய்ப் பேப்பர். பாட்டில். மனுஷன் உட்கார்ந்த இடமா அது?"

"பெஞ்சுல பை இருந்துச்சே. பைனாகுலர் இருந்துச்சே."

"பார்த்தேன். யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்க, வந்து எடுத்துப்பாங்கன்னு விட்டுட்டேன். அது குப்பை இல்லையே."

"கீழே எட்டிப் பார்க்கலையா?"

"கீழே எதுக்கு? குப்பை மேலதானே இருந்துச்சு."

அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இப்படித்தான் அவன் எப்போதும் பேசுவான். கல்யாணத்துக்கு முன் அவளைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் இதே முகத்தோடுதான் பிடித்திருக்கிறது என்று சொன்னான்.

அவளுக்கு அவனை நம்ப ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் பயமாகவும் இருந்தது.

"கோர்ட்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க" என்றாள்.

"சிரிக்கட்டும். நடந்தது இதுதான்."

"பொறுக்கினதெல்லாம் எங்கே?"

"பாறைன்னு அட்டை கட்டி, சாக்குல போட்டு ஷெட்டுல வெச்சிருக்கேன். இன்னிக்கு லாரி வர்ற நாள். ஆலைக்குப் போனா அரைச்சுத் தூளாக்கிடுவாங்க." எழுந்தான். "அவ்வளவுதானா மேடம்? ஆளுங்க கன்றை மிதிக்கறாங்க."

போய்விட்டான்.

பெரியப்பா பேனாவை மூடினார்.

"நான் ஒண்ணும் எழுதலைம்மா."

"ஏன்?"

"எழுதினா மாப்பிள்ளை மாட்டுவார். கோபம் இருக்கு. ராத்திரி எங்கே இருந்தார்னு சொல்ல ஆள் இல்லை. தடயத்தைப் பொறுக்கிட்டுப் போனதை அவரே ஒத்துக்கறார். மேலதிகாரி வந்தார்னா விலங்கைப் பூட்டிட்டுத்தான் தண்ணி குடிப்பார்."

"தெரியும்."

"லாரி போகட்டும்." குரலைத் தாழ்த்தினார். "சாக்கு இல்லேன்னா, மாப்பிள்ளை பாறைக்கு வந்ததுக்கே அத்தாட்சி இல்லை. நீயும் கேக்கலை, நானும் கேக்கலை. எனக்குக் காது மந்தம்னு ஸ்டேஷனுக்கே தெரியும்."

"பெரியப்பா..."

"நீ என் பொண்ணு மாதிரிம்மா. உன் தாலியை நானே எப்படி..."

அவளுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தாள்.

தூரத்தில், ஷெட்டுப் பக்கம், லாரி உறுமிக் கிளம்பியது.

"அவரே செஞ்சிருந்தா?" என்றாள்.

"செஞ்சிருந்தா என்ன? செத்தவன் நல்லவனா?"

லாரி மரங்களுக்கு இடையில் தெரிந்து மறைந்தது. கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சும்மா இருந்தால் போதும். புருஷன் பிழைப்பான். மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் இனி தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து, இவன் செய்தானா, இல்லையா என்று யோசிக்க வேண்டும். கேட்கவும் முடியாது. அவளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அப்படி யோசித்துக்கொண்டு அவனோடு வாழ அவளால் முடியாது.

போனை எடுத்தாள்.

"கேட் அக்கா... கட்டையை இறக்குங்க. லாரி வெளியே போகக் கூடாது."

"இறக்கிட்டேன் மேடம். போன் இல்லாமலே கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாச் சொல்றீங்க."

பெரியப்பா எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. தன்னை நினைத்துத்தான் என்று இன்ஸ்பெக்டர் எண்ணினாள்.

*

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயை விரித்தார்கள்.

லாரியில் இருந்த சாக்குகளில் பாறை என்று அட்டை கட்டியது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு அவிழ்த்தாள். பெரியப்பா லாரியின் படியில் போய் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

மிட்டாய்ப் பேப்பர்கள் கொட்டின. பச்சை ஸ்டிக்கரோடு ஒரு காலி மிட்டாய் பாக்கெட். பச்சை ஸ்டிக்கரோடு ஒரு பாட்டில். பச்சை ஸ்டிக்கரோடு இன்னொரு பாட்டில்.

அப்புறம் மூன்றாவதாக ஒரு பாட்டில் உருண்டு வந்தது.

அதில் ஸ்டிக்கர் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு வந்த ரேஞ்சர் அதைப் பார்த்ததும் கேட் அக்கா பக்கம் திரும்பினான். பிணத்தைப் பார்த்தபோது வராத கோபம் இப்போது வந்தது.

"இது எப்படி உள்ளே வந்துச்சு?"

"என் கேட்டைத் தாண்டி ஸ்டிக்கர் இல்லாம ஒரு ஊசி கூட வராது சார்."

"காலையில நீங்க கவனிக்கலையா?" இன்ஸ்பெக்டர் அவனைக் கேட்டாள்.

"கசங்கிக் கிடந்துச்சு. ஸ்டிக்கர் மடிப்புக்குள்ள இருக்கும்னு நினைச்சேன்."

"உங்க ஆளுங்க யாராவது கொண்டு வந்திருப்பாங்களா?"

"எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் எவர்சில்வர் பாட்டில்தான். கையில பிளாஸ்டிக்கைப் பார்த்தா நேரா கேட் டியூட்டி."

"ஒரே ஒரு ஜூஸ் பாக்கெட்" என்றாள் கேட் அக்கா, யாரையும் பார்க்காமல்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள். "அக்கா... நீங்க நிறுத்தாத வண்டி எது எது?"

"சொன்னேனே மேடம். சர்க்கார் வண்டி. எங்க ஜீப்."

"அப்புறம்?"

கேட் அக்கா கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததும் தயங்கினாள்.

"அப்புறம்... உங்க ஜீப்தான் மேடம்."

இன்ஸ்பெக்டர் அந்த மூன்றாவது பாட்டிலைக் கையில் எடுத்தாள். ரேஞ்சர் சொன்னது தப்பு. அது கசங்கியிருக்கவில்லை. ஈரத் துணியைப் பிழிந்தது போல முறுக்கியிருந்தது. முறுக்கி, ஒழுங்காக மூடியும் போட்டிருந்தது.

அவள் எழுந்து ஜீப்புக்கு நடந்தாள். பின்சீட்டுக்குப் பின்னால் கையை விட்டாள். காலையில் எறிந்த பாட்டிலை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

லாரிப் படியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"நேத்து நான் கோர்ட்ல இருந்தேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஜீப் உங்ககிட்ட இருந்துச்சு."

"ஆமாம்மா."

"ரேகை எடுத்துப் பார்க்கலாம்."

"எதுக்கும்மா செலவு? என்னுதுதான்."

இந்த இடத்திலிருந்து அவரை 'அவன்' என்று எழுதுவதுதான் வழக்கம். எழுத வரவில்லை. தொப்பையும் நரையுமாக அவர் அந்தப் படியில் அப்படி உட்கார்ந்திருந்தார்.

"பைப்பையும் நம்ம ஜீப்லதான் கொண்டு வந்தீங்களா?"

"சுருள் சுருளா. சம்மன் கொடுக்கப் போறப்பல்லாம்." பெரியப்பா கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் பையனுக்கு ரிசார்ட்ல மேனேஜர் வேலை தரேன்னான். கொடுத்தான். மாப்பிள்ளை பைப்பை வெட்டினதும், மறுபடி போட்டுக் கொடுன்னான். மாட்டேன்னேன். போட்டவன் யாருன்னு ரேஞ்சர்கிட்ட சொல்லிடுவேன்னான். ஸ்டேஷனே என்னைப் பெரியப்பான்னு கூப்பிடுதும்மா. நாளைக்குத் தண்ணித் திருடன்னு கூப்பிடும்."

"அதனால பாறைக்கு வரச் சொன்னீங்க."

"கெஞ்சத்தான் வரச் சொன்னேன். அவன் மிட்டாயைப் பிரிச்சுக்கிட்டே கேட்டான். எழுந்து தடுப்புக்கிட்ட போய், காட்டைக் காட்டி, 'இவ்வளவு தண்ணியும் மிருகம் குடிச்சு என்னய்யா லாபம்'னு சிரிச்சான். தள்ளிட்டேன்." நிறுத்தினார். "தள்ளின கையாலேயே பிடிக்கவும் பார்த்தேன். காலர்தான் கையில மாட்டுச்சு. அதுவும் கிழிஞ்சிடுச்சு."

"இவர் மேல பழி விழறது தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"போடணும்னு நினைக்கலைம்மா. அதுவா விழுந்துச்சு. எடுக்கத் தைரியம் வரலை."

"லாரி போகட்டும்னீங்க. எனக்காகன்னு நினைச்சு நான் அழுதேன்."

"உனக்காகவும்தான்."

"எவ்வளவு?"

பெரியப்பா நேர்மையாக யோசித்தார்.

"கொஞ்சம்" என்றார்.

அவள் விலங்கை எடுத்தாள். அவர் கையை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விலங்கை எப்படிச் சதை பிடிக்காமல் பூட்டுவது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவள் அப்படியே பூட்டினாள்.

போன் அடித்தது.

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் மேலதிகாரி. "உன் புருஷன் ஓடிடப் போறார், பார்த்துக்கோ."

"ஆளைப் பிடிச்சாச்சு சார்."

"புருஷனையா?"

"இல்லை சார். நம்ம ஆளை."

"நம்ம ஆளுன்னா?"

"வாங்க சார். நேர்ல சொல்றேன்."

*

பெரியப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஹாரன் அடித்தாள்.

கட்டை உயரவில்லை.

இன்னொரு தடவை அடித்தாள். கேட் அக்கா நிதானமாக நடந்து வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"வண்டியில பிளாஸ்டிக் ஏதாவது இருக்கா மேடம்?"

"அக்கா, நான் கொலைகாரனைக் கொண்டு போயிட்டிருக்கேன்."

"அவரை எடுத்துட்டுப் போங்க, அவர் மக்கறவர்தான். ரேஞ்சர் சார் இப்பத்தான் ஆர்டர் போட்டார். இனிமே போலீஸ் வண்டிக்கும் செக்கிங்."

இன்ஸ்பெக்டர் திரும்பினாள். ரேஞ்சர் ஜீப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். தடய உறையில், சீட்டின் மேல், காலையில் எறிந்த அந்த முறுக்கிய பாட்டில் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தான். ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மறுபக்கமும் திருப்பிப் பார்த்தான். இல்லை.

பாக்கெட்டிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தான்.

"இது சாட்சிப் பொருள்" என்றாள்.

"காலையில உள்ளே வர்றப்ப சாட்சிப் பொருள் இல்லையே. தண்ணி பாட்டில்தானே?"

"குடிச்சது பெரியப்பா."

"வண்டி உங்க பொறுப்புல இருக்கு."

எழுதினான். கிழித்தான். நீட்டினான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"காலையிலேர்ந்து சார் போட்டுப் பேசினியே... என்னைச் சந்தேகப்பட்டியா?"

"பட்டேன்" என்றாள். "செத்துப் போயிட்டேன், பயத்துல."

அவன் தலையாட்டினான்.

"ரசீதுல எவ்வளவு போட்டிருக்கு பாரு."

பார்த்தாள். திடுக்கிட்டாள்.

"என்னங்க இது? ஒரு பாட்டிலுக்கு இவ்வளவா?"

"பாட்டிலுக்குக் கொஞ்சம்தான்" என்றான் ரேஞ்சர், கட்டையைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டியபடி. "புருஷனைக் கொலைகாரன்னு நினைச்சதுக்கு எங்க சட்டத்துல தனியா அபராதம் கிடையாது. அதான் இதுலயே சேர்த்துட்டேன்."